எல் போர்டைக் கழற்றிய பிறகு பைக் இன்சூரன்ஸ் எவ்வளவு குறைந்தது? என் லண்டன் அனுபவம்

கிராய்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் மாட்யூல் 2 தேறினார். பைக்கின் முழு உரிமத்துக்கான கடைசித் தேர்வு அது, சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். வாழ்த்துச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, எல் போர்டைக் கழட்டியாச்சு. இனிமே இன்சூரன்ஸ் பாதியா குறைஞ்சிடும்ல?" இதற்கு முன்பும் சிலர் இதையே கேட்டிருக்கிறார்கள். போனில் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, நான் கட்டிய தொகைகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேறிய அன்றே குறையும் என்று எதிர்பார்த்தால் எனக்கு வந்த எரிச்சல்தான் உங்களுக்கும் வரும்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு ஈஸ்ட் ஹாம். வண்டி ஹோண்டா சிபி125எஃப். இரவில் தெருவோரம்தான் நிறுத்துகிறேன், கராஜ் கிடையாது. வேலைக்குப் போய்வரவும், வார இறுதியில் சும்மா சுற்றவும் வைத்திருக்கிறேன். திருச்சியில் கல்லூரிக் காலம் முதல் பைக் ஓட்டியவன் நான். அந்த அனுபவம் இங்கே காகிதத்தில் எங்கும் வராது. இந்திய உரிமத்தை வைத்து இங்கே குடியேறிய முதல் 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு செல்லாது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டு உரிமங்களை நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அதனால் புரொவிஷனல் என்ற பழகுநர் உரிமம் வாங்கி, சிபிடி என்ற ஒரு நாள் பயிற்சியை முடித்து, எல் போர்டு மாட்டிக்கொண்டு 125 சிசி வண்டியில் மறுபடி தொடங்கினேன். சிபிடி 2 ஆண்டுதான் செல்லும். பின்னால் ஆளை ஏற்றக் கூடாது, மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படலாம். இந்தியாவில் 75 முதல் 150 சிசி வரையான வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 714 ரூபாய். அதை அரசே நிர்ணயிக்கிறது. ஓட்டுகிறவர் நேற்று உரிமம் எடுத்தவரா, முப்பது வருடமாக ஓட்டுகிறவரா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் விலை முழுக்க நிறுவனத்தின் கையில். வயது, தொழில், அஞ்சல் குறியீடு, வண்டி எங்கே தூங்குகிறது, எந்தப் பூட்டுப் போடுகிறோம், எந்த உரிமம், அது எத்தனை ஆண்டாகக் கையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஒரு தொகையைச் சொல்வார்கள். அதற்கு மேல் 12 சதவீத வரியும் உண்டு. 2017 ஜூன் முதல் அந்த விகிதம்தான். நமக்குச் சொல்லும் தொகைக்குள்ளேயே அது அடங்கிவிடுவதால் பலர் கவனிப்பதில்லை.

முதல் ஆண்டு நான் கட்டியது 690 பவுண்டு. முழுக் காப்பீடு, திருட்டும் சேர்த்து. பல நிறுவனங்களின் விலையை ஒரே இடத்தில் காட்டும் ஒப்பீட்டுத் தளத்தில் விவரங்களைப் போட்டபோது பட்டியல் மிகச் சிறியதாக இருந்தது. சிபிடி மட்டும் வைத்திருப்பவரை எடுக்கவே மாட்டோம் என்ற நிறுவனங்கள் நிறைய. எடுக்கிறவர்களில் சிலர் ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். என்னை எடுத்துக்கொண்ட நிறுவனம் அன்று நியாயமான விலை சொன்னது. அவர்களைப் பற்றி இன்னொரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். பாலிசியோடு சேர்ந்து பிரேக்டவுன் உதவியும் வந்தது. மழை பெய்த ஓர் இரவு ஏ13 சாலையில், பார்க்கிங் (Barking) என்ற ஊருக்கு அருகே செயின் கழன்று வண்டி நின்றுவிட்டது. போன் செய்து கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. வந்தவர் வண்டியோடு என்னையும் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை. இந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாம் ஆண்டு அதே நிறுவனம், அதே வண்டி, 540 பவுண்டு. உரிமம் மாறவில்லை, எல் போர்டு அப்படியேதான் இருந்தது. குறைந்ததற்குக் காரணம் ஓராண்டு நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு எதுவும் கேட்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் தள்ளுபடி. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அந்த இரண்டாம் ஆண்டின் நடுவில்தான் முழு உரிமம் எடுத்தேன். வயது 24 தாண்டிவிட்டதால் சக்தி குறைந்த வண்டிகளுக்கான ஏ1, ஏ2 என்று படிப்படியாக ஏறாமல், எந்த பைக்கையும் ஓட்ட அனுமதிக்கும் ஏ பிரிவுக்கே நேரடியாகப் போக முடிந்தது. தியரிக்கு 23 பவுண்டு, மாட்யூல் 1-க்கு 15.50, மாட்யூல் 2-க்கு 75. பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்தது இதைவிடப் பல மடங்கு. மாட்யூல் 1 எளிதானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடிய மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே எட்டுப் போட வேண்டும், காலை ஊன்றாமல் யூ டர்ன் எடுக்க வேண்டும், 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்த வேண்டும், அதே வேகத்தில் தடையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டும். திருச்சிப் பேருந்துகளுக்கு நடுவே ஓட்டிப் பழகிய கைக்குக்கூட அந்த யூ டர்ன் புதிதாகத்தான் இருந்தது. உண்மையிலேயே என் ஓட்டும் விதம் மாறியது. தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, சந்திப்பில் எந்த இடத்தில் நிற்பது, ஈரமான இரும்பு மூடி மேல் பிரேக் பிடிக்காமல் இருப்பது எல்லாம் அங்கே கற்றவை. இப்படிப் பயிற்சி பெற்றவன் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு முன்பைவிடக் குறைவு என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு அவ்வளவு கசந்தது.

தேறிய மறுநாள் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பாலிசியில் சொன்ன விவரம் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. பேசிய பெண் அன்பாகப் பேசினார், வாழ்த்தும் சொன்னார். உரிம எண்ணைக் கேட்டார், கணினியில் போட்டுப் பார்த்தார், சற்று நேரம் காத்திருக்கச் சொன்னார். பிறகு தொகையைச் சொன்னார். மீதமிருந்த மாதங்களுக்கு எனக்குத் திரும்ப வர வேண்டியது 11 பவுண்டு. பாலிசியில் மாற்றம் செய்யும் கட்டணம் 25 பவுண்டு. ஆக, முழு உரிமம் எடுத்ததற்கு நான் 14 பவுண்டு கட்ட வேண்டும்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. மறுபடி கேட்டேன். அதே பதில். ஆபத்து குறைந்தது என்று உங்கள் கணினியே ஒப்புக்கொள்கிறது, அப்படியிருக்க நான் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்டேன். கட்டணம் எல்லா மாற்றத்துக்கும் ஒன்றுதான், வீட்டு முகவரி மாறினாலும் அதுதான் என்றார். பாலிசி ஆவணத்தில் இந்தக் கட்டணம் எழுதியிருப்பதும் உண்மை. சட்டப்படி அவர்கள் பக்கம் தவறு சொல்ல முடியாது. எனக்கு ஆறாதது வேறு. வாடிக்கையாளர் பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து உண்மையைச் சொல்கிறார். அந்த உண்மையைப் பதிவு செய்யக் கணினியில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். அதற்கு 25 பவுண்டா? முகவரி மாற்றத்துக்கு வாங்குங்கள், வண்டி மாற்றத்துக்கு வாங்குங்கள். உரிமம் உயர்ந்ததற்காவது விட்டுவிடலாம். எத்தனையோ பேர் இதற்குப் பயந்தே ரினிவல் வரை சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அது நிறுவனத்துக்கும் நல்லதல்ல, ஓட்டுகிறவருக்கும் நல்லதல்ல.

சரி, கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏன் 11 பவுண்டு மட்டும் குறைந்தது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

பிரீமியத்தில் பெரிய பங்கு நாம் எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்ததே அல்ல. லண்டனில் 125 சிசி பைக்குகளும் ஸ்கூட்டர்களும் ஏராளமாகத் திருடுபோகின்றன. தெருவோரம் நிற்கும் என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு என் சட்டைப்பையில் எந்த உரிமம் இருந்தால் என்ன? அந்தப் பங்கு அப்படியே நிற்கிறது. அடுத்து, மூன்றாம் நபருக்குக் காயம் ஏற்பட்டால் கொடுக்கும் இழப்பீடு. இந்த நாட்டுச் சட்டப்படி அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்தச் செலவு எல்லாருடைய பிரீமியத்திலும் பரவியிருக்கிறது. உரிமத்தால் மாறுவது மிச்சமிருக்கும் துண்டு மட்டும்தான்.

அந்தத் துண்டிலும் ஒரு சிக்கல். விண்ணப்பத்தில் உரிம வகை என்ன என்பதோடு எத்தனை ஆண்டாக வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். நேற்று வரை நான் புரொவிஷனல் உரிமத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவன். தேறிய அன்று முழு உரிமக்காரன் ஆனேன், ஆனால் அனுபவம் பூஜ்யம் ஆண்டு. ஒரு பக்கம் ஏறியதை இன்னொரு பக்கம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. போனில் பேசிய பெண் இன்னொரு காரணமும் சொன்னார்: இனி பின்னால் ஆளை ஏற்றலாம், மோட்டார்வேயில் போகலாம், அதனால் நிறுவனம் தாங்க வேண்டிய ஆபத்து ஒரு வகையில் கூடவும் செய்கிறது. மறுக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடிபட்டாலும் இழப்பீடு அவர்கள்தானே தர வேண்டும்.

அப்படியானால் அந்தப் பாலிசியை ரத்து செய்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதைச் செய்யவில்லை, உங்களையும் அவசரப்பட வேண்டாம் என்பேன். நடுவில் ரத்து செய்தால் அந்த ஆண்டுக்கான நோ கிளைம் போனஸ் கிடைக்காது. ஏழு மாதம் ஒழுங்காக ஓட்டியது கணக்கிலேயே வராது. ரத்துக் கட்டணம் தனி. மாதத் தவணையில் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கடன் கணக்கை முடிக்கும் தொல்லையும் சேரும். 14 பவுண்டைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

ரினிவலில்தான் விஷயம் தெரிந்தது. பழைய நிறுவனம் 455 பவுண்டு என்றது. இதில் ஏமாற்று இல்லை. நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ கொண்டுவந்த விதிப்படி 2022 ஜனவரி 1 முதல், பழைய வாடிக்கையாளரிடம் ரினிவலுக்குக் கேட்கும் தொகை, அதே வழியில் வரும் புது வாடிக்கையாளரிடம் கேட்பதைவிட அதிகமாக இருக்கக் கூடாது. நானே புது ஆளாக அவர்கள் தளத்தில் கேட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அதே தொகைதான் வந்தது. விதியை மதித்திருக்கிறார்கள். ஆனால் ஒப்பீட்டுத் தளத்தில் பட்டியல் இப்போது மிக நீண்டிருந்தது. சிபிடிக்காரன் என்று என்னைத் திரும்பிப் பார்க்காத நிறுவனங்கள் எல்லாம் வரிசையாக விலை சொல்லின. மிகக் குறைவானது 338 பவுண்டு. அதே வண்டி, அதே தெரு, அதே பூட்டு, அதே எக்ஸஸ் (கிளைம் செய்தால் நம் கையிலிருந்து போடும் பங்கு).

முழு உரிமம் நம் பிரீமியத்தை எப்படிக் குறைக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருக்கிற நிறுவனம் இரக்கப்பட்டுக் குறைப்பதில்லை. நமக்காகப் போட்டிபோடும் நிறுவனங்களின் எண்ணிக்கை கூடுகிறது, அந்தப் போட்டிதான் விலையை இறக்குகிறது. போட்டியின் பலன் கைக்கு வருவது ரினிவல் நேரத்தில் மட்டும். அதனால் தேறிய அன்று நிறுவனத்தோடு சண்டை போடுவதில் பயனில்லை. ரினிவலுக்கு மூன்று வாரம் முன்பே கொட்டேஷன் எடுக்கத் தொடங்குங்கள். கடைசி நாளில் கேட்டால் விலை ஏறியிருக்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இரண்டு. ஒன்று, எல் போர்டோடு சேர்த்த நோ கிளைம் போனஸ் அப்படியே செல்லுபடியானது. புது நிறுவனம் இரண்டு ஆண்டை முழுதாக ஏற்றுக்கொண்டது, எந்த உரிமத்தில் சேர்த்தாய் என்று கேட்கவில்லை. என் கணக்கில் 690 இலிருந்து 540 ஆனதற்கு உரிமத்துக்கு ஒரு பங்கும் கிடையாது. இதை யோசித்தால், சிபிடியோடு ஓட்டும் காலம் வீண் என்று நினைப்பவர்களுக்குப் பதில் கிடைக்கும். சொந்தப் பெயரில் பாலிசி எடுத்து, கிளைம் இல்லாமல் ஓட்டினால் அந்த ஆண்டுகள் சேமிப்பாகவே நிற்கின்றன. ஆனால் கார் இன்சூரன்ஸில் சேர்த்த போனஸை இங்கே கொண்டுவர முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பைக்கில் சேர்த்ததைத்தான் பைக்குக்கு எடுக்கின்றன. பைக்கே இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டுவிட்டாலும் பொதுவாகப் போய்விடும்.

இன்னொன்று, வண்டி மாற்றியபோது நடந்தது. அடுத்த ஆண்டு 125-ஐ விற்றுவிட்டு ஹோண்டா சிபி500எக்ஸ் வாங்கினேன். 471 சிசி, பழையதைவிட எடையும் விலையும் மிக அதிகம், சக்தி பல மடங்கு. பிரீமியம் எகிறிவிடும் என்று பயந்துகொண்டேதான் விவரங்களைப் போட்டேன். 372 பவுண்டு வந்தது. எல் போர்டோடு 125-க்கு முதல் ஆண்டு கட்டியதில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம். பெரிய வண்டி என்றால் இன்சூரன்ஸ் தாங்காது என்று சிபிடியைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு 125-லேயே இருப்பவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நூறு பவுண்டுக்கு மேல் போகிறது. அவர்களுக்காகத்தான் இந்தத் தொகையை அழுத்திச் சொல்கிறேன். என் வயது முப்பதுகளின் நடுவில், விபத்துக் கணக்கு இல்லை, உரிமத்தில் பெனால்டி பாயிண்ட் இல்லை. இருபது வயதுப் பையனுக்கு இதே தொகை வராது, அதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. வாடகைக்கும் கூலிக்கும் ஓட்டுவதற்கான தனிக் காப்பீடு அவர்களுக்கு வேண்டும். சாதாரண பாலிசியை வைத்துக்கொண்டு டெலிவரிக்குப் போனால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் 6 பாயிண்டும் விழும். முதல் முழு உரிமம் எடுத்து 2 ஆண்டுக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் உரிமமே ரத்தாகிவிடும், மறுபடி புரொவிஷனல் உரிமத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முழு உரிமம் லாபமா? பயிற்சிக்கும் தேர்வுகளுக்கும் செலவானது பிரீமியத்தில் மிச்சமாகித் திரும்ப வர இன்னும் சில ஆண்டு ஆகும். அதற்காக எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எம்11 மோட்டார்வேயில் கேம்பிரிட்ஜ் வரை போன அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எந்தப் பவுண்டுக் கணக்கிலும் சேர்க்கவில்லை. லாரிகளுக்கு இடையே 125-ஐ முறுக்கிப் பிழிந்து ஓட்டியவனுக்கு, தேவைப்படும்போது கையில் சக்தி இருப்பது எவ்வளவு பாதுகாப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

பழைய நிறுவனத்தைப் பற்றிக் கடைசியாக. சிபிடியோடு தொடங்குகிற யார் கேட்டாலும் அவர்கள் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், இனியும் சொல்வேன். யாரும் எடுக்காதபோது எடுத்தார்கள், மழையில் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள், ரினிவலில் நேர்மையாக இருந்தார்கள். நோ கிளைம் போனஸ் சான்றைக்கூட கேட்ட அன்றே மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஐந்துக்கு நான்கு தரலாம். ஆனால் நான் திரும்பப் போக மாட்டேன். அடுத்த ரினிவலில் அவர்கள் விலை கொஞ்சம் குறைவாகவே வந்தாலும் போக மாட்டேன். உரிமம் உயர்ந்தால் கட்டணம் இல்லை என்று பாலிசி ஆவணத்தில் ஒரு வரி எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம்.